ராணியம்மா, இரண்டாம் பதிப்பு

ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளை எடுக்கக் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் கெல்லர் அறைக்கு இறங்கிய செல்வராணி, அங்கே அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றுக்குள் தன்னையே கண்டாள்.

பெட்டி நிறையப் புத்தகம். ஒவ்வொன்றின் முகப்பிலும் கார்ட்டூன் படமாக அவள்தான். நைட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட், தலையில் கம்பளித் தொப்பி, தொப்பிக்கு வெளியே மல்லிகைப்பூ. ‘ராணியம்மா’ என்று தலைப்பு. அடியில் பொடி எழுத்தில் ஏதோ ஆங்கில விலாசம். அச்சகத்தினுடையதாக இருக்கும்.

நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். காசு கொடுத்து வாங்கிய குப்பைப் பைக்குள் ராணியம்மா இறங்கி நின்று, இன்னும் கொஞ்சம் கொள்ளட்டும் என்று காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பக்கத்தில், பெட்டி நிறை கூடிவிட்டதென்று சூரிச் விமான நிலையத்தில் நாலு சேலையை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நடந்தவை. இரண்டையும் கூட நின்று பார்த்தவர் உலகத்தில் ஒருவர்தான், அவளுடைய புருசன்.

முதியோர் இல்லத்தில் சமையல் வேலை முடித்து ஜெகதீஸ்வரன் வீட்டுக்கு வந்தபோது, சோற்றுக் கோப்பை இருக்க வேண்டிய இடத்தில் புத்தகம் இருந்தது.

"என்னப்பா இது?"

அவர் முழிக்கவில்லை. முகம் மலர்ந்தது. "கண்டிட்டீரோ? எப்பிடி வந்திருக்கு?"

வாசகர்மார் புத்தகமாகப் போடச் சொல்லிக் கேட்டார்களாம். எந்த வாசகர்மார் என்று அவள் கேட்க, காட்டுகிறேன் என்று டேப்லெட்டை எடுத்தார். செல்வராணிக்கு அந்தச் சாமானைக் கண்ணில் காட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் மனுசன் அதோடு குளியலறைக்குள் போனால் லேசில் வெளியே வர மாட்டார். ஏதோ விளையாடுகிறார் என்பது அவளுடைய முடிவு.

"அந்த விளையாட்டுச் சாமானை வையுங்கோ. இதை எங்க விக்கப் போறியள்?"

"திரிம்பாக் கோயில் திருவிழாவில மேசை போடப் போறன். வித்துதெண்டால் ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டிடலாம், ராணி. வீட்டில இருந்து படம் கீறுவன்."

கொளுத்திப் போடுங்கோ என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஞாயிறு விடியும்போது இடுப்பு நோவுக்குப் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் மனுசனின் முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை அவள் கண்டு எத்தனையோ காலம். வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் திரிம்பாக் கோயிலில் அன்னதான வரிசையை ஒழுங்குபடுத்துவது அவள்தான். இரண்டாம் தரம் வருகிறவர்களைக் கண்ணாலேயே திருப்பி அனுப்புவாள். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் அவளைக் கண்டதும் சிரித்தபடி வழிவிடுவார்கள். குப்பைப் பைக்குள் நிற்கும் படத்தைப் பார்த்த பிறகு யார் வழிவிடப் போகிறார்கள்?

கூர் நகரத்தில் இருக்கும் தங்கை சிவகலாவுக்கு ஃபோன் எடுத்து, புத்தகம் வாங்கச் சொன்னாள்.

"எனக்கு ஒண்டு காணும் அக்கா," என்றாள் சிவகலா.

"உனக்கில்லையடி. எல்லாத்தையும் வாங்கு. வேற வேற பேரில வாங்கு."

சங்கிலிக்கென்று சேர்த்த சீட்டுக் காசு தங்கையிடம் போனது. சிவகலா தன்னோடு ஹோட்டலில் வேலை செய்கிறவர்களின் பெயரிலெல்லாம் புத்தகம் கேட்டு எழுதினாள். ஜெகதீஸ்வரன் சாப்பாட்டு மேசையில் பொதி கட்ட, செல்வராணி பக்கத்தில் இருந்து டேப் ஒட்டிக் கொடுத்தாள்.

"கூரில மரியா எண்டொரு போர்த்துக்கீசப் பிள்ளையும் தமிழ் வாசிக்கிறா, பாருமன்," என்று அவர் வியந்தார்.

"படிச்ச பிள்ளையாக்கும்," என்றாள்.

திருவிழாவுக்கு முன்பே பெட்டிகள் காலி. செல்வராணி நிம்மதியாக நித்திரை கொண்டாள். அந்த நிம்மதி கிழமை முடியுமட்டும்தான் இருந்தது. ஜெகதீஸ்வரன் இரண்டாம் பதிப்புக்குச் சொல்லிவிட்டார், முதற் பதிப்பைவிட இரண்டு மடங்கு. ஞாயிறு வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி மேலாளரிடமும் சொல்லியாயிற்று.

அதற்குள் கூரில் சிவகலாவின் புருசன், காரின் குளிர்காலச் சில்லுகளை வைக்க கெல்லரில் இடமில்லை என்று சண்டை பிடித்து, பெட்டிகள் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, ஜெகதீஸ்வரன் வேலையில் இருந்த நேரம் பார்த்து இறக்கிவிட்டுப் போனார். கெல்லரில் வைத்தால் பிடிபடும். கட்டிலுக்குக் கீழே அரிசி மூட்டை. கடைசியில் செல்வராணி பெட்டிகளைச் சாமி அறையில் அடுக்கி, மேலே தன்னுடைய பட்டுச் சேலையை விரித்து, அதன்மேல் சாமிப் படங்களை வைத்தாள்.

பின்னேரம் விளக்குக் கொளுத்தப் போன ஜெகதீஸ்வரன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ராணி, பிள்ளையார் உயர்ந்திட்டார் போல கிடக்கு."

"நீங்கள்தான் கட்டையாகீட்டியள்."

அவர் பட்டுச் சேலையின் ஒரு மூலையை ஒழுங்காக இழுத்துவிட்டு நன்றாகக் கும்பிட்டார். சாப்பிடும்போதுதான் அந்தக் கதையை எடுத்தார். கூர் வாசகர்மாரை நேரில் பார்க்க வேண்டும். அங்கே ஒரு மண்டபம் எடுத்து வாசகர் சந்திப்பு வைக்கலாம். மரியாவைப் பேசச் சொல்லிக் கேட்கலாம்.

செல்வராணி வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் திரும்பக் கோப்பையில் போட்டாள்.

"கூருக்கு ஏன் அலையிறியள்? கோயிலிலேயே மேசை போடுங்கோ," என்று அவளுடைய வாயே சொல்லிவிட்டது.

"நீர் சொன்னால் சரி," என்றார் அவர், சோற்றைப் பார்த்தபடி.

திருவிழாச் சனிக்கிழமை இரண்டாம் பதிப்போடு மேசை போட்டாயிற்று. அன்னதான வரிசையை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு, செல்வராணி மேசைக்கு முன்னால் தன் சேலைத் தலைப்பை விரித்து ஒழுங்குபடுத்துகிற சாட்டில் புத்தகங்களை மறைத்துக்கொண்டு நின்றாள். மறைக்கத் தேவையே இருக்கவில்லை. சனம் வந்தது, அவளைப் பார்த்துச் சிரித்தது, அவரைப் பார்த்துச் சிரித்தது, போய்விட்டது. பூசை முடிந்து சாப்பாட்டு நேரமும் வந்தது. ஒரு புத்தகம்கூடப் போகவில்லை.

அவள் ஆசைப்பட்டது அதைத்தான். ஆனால் ஜெகதீஸ்வரன் யாரும் தொடாத புத்தகங்களைத் திரும்பத் திரும்ப நேராக அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்க்க முடியவில்லை.

"கூர்ச் சனத்துக்கு இருக்கிற ரசனை இஞ்ச இல்லை," என்றார். மீசை லேசாக நடுங்கியது. "ஞாயிறு வேலைக்கு நானே வாறன் எண்டு திங்கள் போய்ச் சொல்லுவம், என்ன?"

அந்த மீசையைப் பார்த்ததும் செல்வராணி விரித்த சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். கோயில் சமையலுக்கு நிற்கும் பரமேஸ்வரி சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் போனாள். செல்வராணி அவளுடைய கையைப் பிடித்து இழுத்து வந்து, குப்பைப் பைப் பக்கத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இஞ்ச பாரும் பரமேஸ்வரி. இதுக்குள்ள நிக்கிறது நான்தான். நாலு சீலையோட பிளேன் ஏறினதும் நான்தான். வீட்ட கொண்டுபோய் எவ்வளவும் சிரியும். ஆனால் ஒண்டு வாங்கிக்கொண்டு போம்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெகதீஸ்வரன் அடுக்குவதை நிறுத்திவிட்டார்.

பரமேஸ்வரி வாளியைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, ஒரு புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குப் போன் பாக்கத் தெரியாது, அவவுக்கு ஒண்டு எடுக்கிறன். எங்களுக்கு அண்ணை வெள்ளிக்கு வெள்ளி போனில போடுற படக்கதையே போதும். அதை விடுங்கோ அக்கா, அண்ணையின்ர புத்தகம் எல்லாத்தையும் நீங்களே வாங்கிச் சாமிக்குக் கீழ ஒளிச்சு வைச்ச இடத்தில நேற்றுக் கதையை நிப்பாட்டிப்போட்டார், அடுத்த வெள்ளி என்ன செய்யப் போறியள்?"