குதிகால் படாத சத்யப்ரியா

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்,
திங்கட்கிழமை காலை.

என்றும் என் மரியாதைக்குரிய அக்கா லோகாம்பாள் அவர்களுக்கு, தம்பி தினகரன் வணங்கி எழுதுவது. இங்கே நான், சுகாசினி, பிள்ளைகள் இருவரும் சுகம். வேலூரில் நீயும் மாமாவும் சுகமாக இருக்க ஏகாம்பரநாதர் துணை இருப்பார். போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம் உண்டு. போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்துவிடுவாய். கடிதத்தில் அது முடியாது.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். பெரியவள் சத்யப்ரியா நுனிக்காலில் நடக்கிறாள். ஒவ்வொரு விசேஷத்திலும் நாலு பேர் எதிரில் நீ அதைச் சொல்லிக் காட்டுகிறாய். வருகிற வெள்ளிக்கிழமை வந்து, அவளை வைத்தியரிடம் கூட்டிப்போய், இரண்டு காலுக்கும் மாவுக்கட்டு போட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவேன் என்றும் சொல்லியிருக்கிறாய். வரவேண்டாம் அக்கா. கட்டும் வேண்டாம். அது நோய் இல்லை, பிறவித் திறமை. நேற்று சென்னையில் ஒரு அரங்கமே அதற்குச் சாட்சி.

வெளிநாட்டுக் குழு ஒன்று குழந்தைகளுக்காக பாலே நடனம் ஆடுகிறது என்று சுகாசினி போனில் பார்த்துச் சொன்னாள். பாலே என்றால் கட்டைவிரல் நுனியில் நின்று ஆடுவதாம். கேட்டதும் விடுவேனா, டிக்கெட் போட்டுவிட்டேன். கார் தருவதாகச் சொன்ன பரசுராமன் காலையில் கையை விரித்துவிட்டதால் நம் மைக்செட் வண்டியிலேயே கிளம்பினோம், கூரையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரை அவிழ்க்க நேரமில்லை, அரங்கத்து வாசலில் காவல்காரர் வண்டியைப் பார்த்ததும் "சவுண்ட் சர்வீஸா? பின்னாடி போப்பா" என்று கையைக் காட்டிவிட்டார், டிக்கெட்டை நீட்டினால் அதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார், கடைசியில் எலுமிச்சைச் சாதத் தூக்கும் பிள்ளைகளுமாக மேடைக்குப் பின்வாசல் வழியாகவே நுழைந்தோம்.

அங்கே நடைவழி முழுக்க ஆட்டக்காரப் பெண்கள். தண்ணீர் குடிக்கிறவள் நுனிக்காலில் நின்று குடிக்கிறாள், கொண்டை போடுகிறவள் நுனிக்காலில் நின்று போடுகிறாள். சத்யப்ரியா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"யப்பா, இவங்கல்லாம் என்னை மாதிரியே நடந்துக்கினு இருக்காங்கபா. இவங்களுக்கெல்லாம் கட்டு போடலியா?"

பள்ளிக்கூடத்தில் கொக்கு என்று கூப்பிடுகிறார்களே என்று அழுதுகொண்டு வருகிற பிள்ளை அக்கா. நேற்றுத்தான் தலையை நிமிர்த்தி நடந்தாள்.

ஆட்டத்தைப் பற்றிக் கேள். மழையைத் தேடிப் போகும் ஒரு மேகத்தின் கதை. மேடையில் ஒரு மைக் கூட இல்லை, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் கூட செட் பழுதாகிவிட்டதோ என்று எழுந்து பார்த்தேன், பின்வரிசை அம்மாள் உட்காரச் சொல்லிவிட்டார். நம் தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்து பார்த்திருக்கிறாயா? இங்கே இத்தனை பேர் குதிக்கிறார்கள், ஒரு காலடிச் சத்தம் இல்லை. காலோடு ஒட்டிய கால்சட்டையில் ஒருவர் ஆட வந்ததும் சுகாசினி என் காதில், "இன்னாங்க, அந்த ஆளு வேட்டி கட்ட மறந்துட்டாரா?" என்கிறாள். நான் பதில் சொல்வதற்குள் யுவன் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி, "அந்த மாமா ஏன் அந்த அக்காவத் தூக்கிக்கினே இருக்காரு? கால் வலிக்குதா?" என்று கேட்டான். "அவங்க மேகம்டா, மேலதான் இருப்பாங்க" என்று சத்யப்ரியாதான் தம்பிக்கு விளக்கினாள். எனக்கே அப்போதுதான் புரிந்தது.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். பூச்செண்டு கொடுத்தார்கள். ஆனால் வரவேற்புரை இல்லை, நன்றியுரை இல்லை, ஒரு பொன்னாடை இல்லை. காஞ்சிபுரத்தில் இப்படி ஒரு மேடையை நான் விடுவேனா? அவசரத்துக்கு என்று பையில் எப்போதும் இரண்டு பொன்னாடை வைத்திருப்பேன். பையிலிருந்து ஒன்றை உதறிக்கொண்டு ஏறிவிட்டேன். ஓடிவந்து ஒருவர் என் இடது கையைப் பிடித்தார், வலது கையால் மேகமாக ஆடிய அம்மாளுக்குப் போர்த்திவிட்டேன். திரும்பிப் பார்த்தால் சத்யப்ரியா என் பின்னாலேயே ஏறி வந்து, வெறுங்காலில், நுனியில் நிற்கிறாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்தார். காலைப் பார்த்தார். குனிந்து அவள் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். விழவில்லை அக்கா. அரங்கமே தட்டியது.

பக்கத்திலிருந்த தமிழ்ப் பெண், "பாப்பாவுக்கு யார் கத்துக் குடுத்தாங்கன்னு கேக்கறாங்க சார்" என்றார்.

"யாரும் இல்லைங்க, பொறவிலேயே வந்தது" என்றேன். காலமெல்லாம் மேடைக்குக் கீழே ஒயர் பிடித்து நின்றவன் நான். என் மகள் மேடைமேல் நின்றாள். இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆகையால் வெள்ளிக்கிழமைப் பயணத்தை நிறுத்திவிடு. மாமாவுக்கு என் வணக்கம். உன் ஆசி பிள்ளைகள் இருவருக்கும், முக்கியமாகப் பெரியவளின் கால்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
தினகரன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் சுகாசினி இதைச் சத்தமாகப் படித்தாள். பிறவித் திறமை என்ற இடத்தில் சத்யப்ரியா குறுக்கிட்டு, "இல்லபா, அத்தைதான் சொன்னாங்க" என்றாள். அவள் சின்னவளாக இருந்தபோது நீ கண் ஆபரேஷன் முடிந்து நம் வீட்டில் வந்து இருந்தாயே, அப்போது "அத்தைக்குத் தலை வலிக்குதுமா, குதிகால் தரையில படாம நட" என்று சொன்னாயாம். "அப்புறம் போதும்னு யாருமே சொல்லலியேபா" என்கிறாள். சரி, இனி சாதாரணமாக நட என்றேன். நடந்தாள். தொம் தொம் என்று எல்லோரையும் போலத்தான் நடக்கிறாள். இரண்டு சுற்று வந்துவிட்டு, "இது நல்லாவே இல்லபா, மறுபடி அப்படியே நடக்கட்டா?" என்று கேட்டாள். சுகாசினியும் நானும் ஒரே நேரத்தில் சரி என்று தலையை ஆட்டினோம். நீ வெள்ளிக்கிழமை கட்டாயம் வா அக்கா. யார் கற்றுக் கொடுத்தது என்று அங்கே தவறாகச் சொல்லிவிட்டேன். இன்னொரு பொன்னாடை கைவசம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் மைக்செட்டோடு நிற்கிறேன்.