பெட்ரோல் இருக்குதா பாரு

அன்று நடந்ததை என் நோட்டிலிருந்து சுருக்கி முதலில் தந்துவிடுகிறேன்.

1. காலை 7.40. எஞ்சின் ஓடியது. கரையில் கை தட்டினார்கள்.
2. 7.49. எஞ்சின் நின்றது. கை தட்டலும் நின்றது.
3. பிளக் மாற்றினேன். 7.58க்கு ஓடியது.
4. 8.10. நின்றது.
5. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். 8.22க்கு ஓடியது.
6. 8.38. நின்றது. ஏரியின் நட்டநடுவில்.
7. ஒரு மனிதரை இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தோம். (விவரம் பின்னால்.)

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். கள்ளக்குறிச்சியில் டிராக்டர் சர்வீஸ் பிரிவில் வேலை. பட்டியல் போடாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டேன். அம்மாவோடு காய்கறிக் கடைக்குப் போனாலும் பட்டியல் உண்டு. (வாங்கி முடித்ததையும் எழுதிவிட்டு ஒரு டிக் அடிப்பேன். அதில் ஒரு நிம்மதி.) இந்தக் குணத்தால் எனக்கு வந்த பெருமை எல்லாம் ஒரே காலையில் ஏரித் தண்ணீரில் போனது.

கடலே இல்லாத எங்கள் மாவட்டத்தில் பாய்மரப் படகு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. புதுச்சேரியில் ஒரு பெரியவரிடம் அப்பா இருபது வருஷம் கார் ஓட்டினார். அவர் ஊரைவிட்டுப் போகும்போது அப்பாவுக்குப் பிரியமாகக் கொடுத்தது அந்தப் படகை. டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து பெரியப்பாவின் கொட்டாயில் இறக்கினார்கள். வந்த வாரமே பாயை அம்மா எடுத்துக்கொண்டார். உளுந்து காயவைக்க அவ்வளவு நல்ல துணி அதற்குமுன் அவருக்குக் கிடைத்ததில்லை. மீதி இருந்தது ஒரு மரக்கூடும், அதன் வயிற்றில் அப்பாவின் கல்யாணத்துக்கும் முந்தைய ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும்.

ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்தேன். பற்றவைக்கும் பாயின்ட்டைத் தேய்த்தேன். வால்வை உட்காரவைத்தேன். குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கிற ரப்பர்ச் சக்கரத்தை மாற்றினேன். கொட்டாயிலேயே ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் ஓட்டியும் பார்த்தேன். இருமாமல் ஓடியது.

அப்போதுதான் பெரியப்பாவுக்கு மக்காச்சோள மூட்டை அடுக்க இடம் தேவைப்பட்டது.

“தோ பாரு பாப்பா. ஏரியில மதகு வரிக்கும் போய்ட்டு, யார் தயவும் இல்லாம திரும்பி வரணும். வந்துட்டா அது பாட்டுக்கு என் கொட்டாயிலயே கெடக்கட்டும். வரலன்னா சனிக்கெழம உளுந்தூர்பேட்டையிலேர்ந்து பழைய இரும்பு வண்டி வருது.”

அப்பா கையிலிருந்த துணியால் படகின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இருபது வருஷ வேலையிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே பொருள் அது. “வரும் பெரியப்பா” என்றேன்.

படகின் பரீட்சைக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எஞ்சினைத் துடைத்துக் கழுவி, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

“எல்லா எடத்துலயும் அப்பாத. அதுக்குத் தலைன்னு ஒன்னு இருக்குமில்ல, அங்க வை” என்றார் அம்மா.

எஞ்சினின் மேலேயே பெட்ரோல் டேங்க். டேங்கின் உச்சியில் மூடி. அதைவிடத் தலை ஏது? பத்து ரூபாய்க் காசு அளவுக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். லட்சணமாக இருந்தது. டேங்கையும் விளிம்பு வரை நிரப்பினேன்.

மறுநாள் காலை படகில் மூன்று பேர். சுக்கானில் அப்பா, எஞ்சினருகில் நான், முன்பக்கம் குடை பிடித்துக்கொண்டு நடுவராகப் பெரியப்பா. கல்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று நன்றாகவே வீசியது. (பாய் இருந்திருந்தால் எஞ்சினே வேண்டாம். அது எங்கள் வாசலில் உளுந்தோடு கிடந்தது.)

முதல்முறை நின்றதும் பெரியப்பா திரும்பினார்.

“பெட்ரோல் இருக்குதா பாரு.”

“இருக்குது பெரியப்பா. ரொப்பிதான் எடுத்தாந்தேன்.”

“தெறந்து காட்டு.”

ஒரு படித்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? மூடியைத் திறந்து காட்டினேன். ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது. அது நான் விட்ட பெருமூச்சு என்று நினைத்துக்கொண்டேன். மூடிவிட்டு பிளக்கை மாற்றினேன். ஓடியது. பிளக்தான் கோளாறு என்று எழுதி டிக் அடித்தேன்.

இரண்டாம் முறை நின்றது.

“பெட்ரோல் இருக்குதா பாரு.”

பல்லைக் கடித்துக்கொண்டு திறந்து காட்டினேன், மூடினேன், கார்புரேட்டரைப் பிரித்தேன். ஓடியது. முதலில் ஒன்பது நிமிடம், அப்புறம் பன்னிரண்டு, இப்போது பதினாறு. ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஓடுவதைப் பார்த்து, என் கைத்திறன் படிப்படியாக வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன். மதகைத் தொட்டுத் திரும்பியும் விட்டோம்.

மூன்றாம் முறை நின்றதும் பெரியப்பா வாயைத் திறந்தார்.

“பெட்ரோல்...”

“இருக்குது பெரியப்பா. ரெண்டு வாட்டி தெறந்து காட்டிட்டேன். நீங்க மலையப் பாருங்க.”

மூடியைத் தொடவில்லை. பாயின்ட்டைத் தேய்த்தேன், பழைய பிளக்கைத் திரும்பப் போட்டேன், கை காய்க்கும் வரை ஹேண்டிலைச் சுற்றினேன். எஞ்சின் முனகக்கூட இல்லை.

லாரி ட்யூபில் உட்கார்ந்து வலை வீசிக்கொண்டிருந்த ஏழுமலை அண்ணன் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார்.

“இன்னாம்மா, நின்னுபோச்சா?”

“நின்னு பத்து நிமிசம் ஆவுது. கட்டி இழு ஏழுமலை, வெயில் ஜாஸ்தி ஆவுது” என்றார் பெரியப்பா.

“வேணாண்ணே.”

“கௌரவம் பாக்காதம்மா. அவசரத்துக்கு இழுத்தா தப்பில்ல” என்று சொல்லி, படகின் முனை வளையத்துக்கும் ட்யூபுக்குமாகக் கயிற்றைக் கட்டியே விட்டார். அவர் ஒரு துடுப்புப் போட்டாலும் எங்கள் கதை முடிந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை. நகராத படகின் சுக்கானை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சே நிமிசம்ணே” என்று சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தேன். எஞ்சின் கிளம்பிய தடவைகளில் இருந்தது, கிளம்பாத தடவையில் இல்லாதது எது? பிளக் இல்லை, கார்புரேட்டர் இல்லை. இரண்டு முறையும் நோட்டில் ஒரே வரி இருந்தது: ‘பெரியப்பா கேட்டார். மூடி திறந்து காட்டினேன்.’ (அவர் எத்தனை தடவை எரிச்சலூட்டினார் என்பதற்குச் சாட்சியாக எழுதி வைத்தது.)

மூடியைத் திருகினேன். உஸ்ஸ். இந்தத் தடவை நான் மூச்சே விடவில்லை.

டேங்க் மூடியில் குண்டூசி அளவுக்கு ஒரு துளை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. அந்தத் துளையின் மேல்தான் என் சந்தனம் இரவெல்லாம் காய்ந்து சிமெண்டாகி உட்கார்ந்திருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டித் துளையைத் திறந்தேன். இரண்டே சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சந்தோஷத்தில் கயிற்றை மறந்துவிட்டேன்.

படகு ஏழுமலை அண்ணனைத் தாண்டிப் போனது. கயிறு விறைத்தது. ட்யூப் ஒரு சுற்றுச் சுற்றி, அவரைப் பின்பக்கமாகத் திருப்பி இழுத்துக்கொண்டு வந்தது. கயிறு படகின் அடியில் சுற்றும் விசிறியில் சிக்காமல் அப்பா ஒரு கையால் தூக்கிப் பிடித்தார்.

“யம்மா, நிறுத்தும்மா. நான்தான ஒன்ன இழுக்கறேன்னேன். மீனுலாம் போவுதும்மா.”

“நிறுத்தாத பாப்பா” என்றார் பெரியப்பா. “நிறுத்தினா மறுபடி ஓடாது.”

ஊர் மொத்தமும் வேடிக்கை பார்க்க, பாதி ஜிலேபி மீனை ஏரிக்கே திருப்பிக் கொடுத்தபடி ஏழுமலை அண்ணன் கரைக்கு வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்ட அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எண்ணெ டின்னுல ரெண்டு ஓட்ட போட்டாதான் எண்ணெ வரும்னு எனக்கே தெரியுது. இதுக்கா மூணு வருசம் படிச்ச?”

(தலையில் வை என்று சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.)

பெரியப்பா குடையை மடக்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “ஏழுமலை நம்மள இழுத்தானா? இல்ல. நாமதான் அவன இழுத்தோம். கொட்டாயிலயே கெடக்கட்டும்.” பிறகு கூட்டத்தைப் பார்த்து, “டிப்ளமா படிச்ச பொண்ணு கழட்டிக் கழட்டி மாட்டுது. நான் ஒத்த கேள்விதான் கேட்டேன். கேட்டப்பல்லாம் ஓடிச்சி” என்றார். என் நோட்டிலேயே அப்படித்தான் இருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் மிக்சி நின்றாலும், போர் மோட்டார் நின்றாலும், கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி வருவது நின்றாலும் யாராவது ஒருவர் “பெட்ரோல் இருக்குதா பாரு” என்பார்கள். எஞ்சின் சத்தம் கேட்டால் ஏழுமலை அண்ணன் ட்யூபோடு கரையேறிவிடுகிறார்.

படகு பெரியப்பாவின் கொட்டாயில் இருக்கிறது. மக்காச்சோள மூட்டைகள் வெளியே இருக்கின்றன. எஞ்சின் நிற்காமல் ஓடுகிறது. சந்தனப் பொட்டை இப்போது படகின் மரத்தில் வைக்கிறோம். பாய் இன்னும் அம்மாவிடம்தான்.