சகோதர நகரத்தார் பன்னிரண்டு பேர்

உலக சமாதானத்தைப் பெரிய பெரிய நாடுகள்தான் கட்டிக் காக்கின்றன என்று நம்புகிற அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காரியம் நடப்பது எங்கள் ஷியோமி துறைமுக நகராட்சியின் மூன்றாம் மாடியில், பன்னாட்டு நட்புறவுப் பிரிவின் துணைத்தலைவர் குராமோச்சியின் மேஜையில். பதினோரு சகோதர நகரங்கள் நமக்கு. அதில் மூன்று எந்த நாட்டில் இருக்கின்றன என்பது கோப்பைப் பிரித்தால்தான் அவருக்கே தெரியும். உறவென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

பிலிப்பைன்ஸின் சான் ரோக்கே நகரத்தோடு நாம் 'உடன்பிறந்து' முப்பது வருஷம். அந்த ஊர் மேயர் பதினோரு பேரோடு விழாவுக்கு வருவதாக இருந்தது. முந்தின நாள் பார்த்து அங்கே புயல். விமானம் கிளம்பவில்லை. எங்கள் மேயர் குராமோச்சியைக் கூப்பிட்டார்.

"நான் என்ன, காலி நாற்காலியோட கை குலுக்கணுமா? ஏப்ரல்ல இடமாற்றப் பட்டியல் வருது, தெரியும்ல? குப்பைப் பிரிவுல ஆள் கேக்கறாங்க."

குப்பைப் பிரிவு என்றதும் குராமோச்சிக்கு ஒரு கடிதம் ஞாபகம் வந்தது.

துறைமுகத்தின் நாலாம் எண் தளத்தில் ஒரு சரக்குக் கப்பல் நாற்பது நாளாக நிற்கிறது. முதலாளி கம்பி நீட்டிவிட்டான். கப்பலில் இருக்கும் பன்னிரண்டு பேரும் சான் ரோக்கேக்காரர்கள்; அனுமதியில்லாமல் கரையிறங்க முடியாதவர்கள். குடிதண்ணீர் கேட்டு எழுதியிருந்தார்கள். குராமோச்சி கடமை தவறவில்லை. மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்துக் கும்பிடுவதுபோல, மரபுப்படி தன் முத்திரையைச் சற்றே சாய்த்துக் குத்தி, துறைமுகப் பிரிவுக்கு அனுப்பினார். தண்ணீர் கப்பல் முதலாளியின் பொறுப்பு என்று அவர்களும் பணிவாகச் சாய்த்துக் குத்தித் திருப்பினார்கள். இப்படி ஏழு முத்திரைகள். அத்தனையும் அழகான வணக்கம். தண்ணீர் மட்டும் போகவில்லை.

மறுநாள் காலை பன்னிரண்டு பேரையும் வேனில் ஏற்றி, நகராட்சிப் பாடகர் குழுவின் கோட்டுகளை மாட்டிவிட்டு, மேடையில் உட்கார வைத்தார் குராமோச்சி. மேயருக்குப் பரம சந்தோஷம். 'தூதுக்குழு'வின் தலைவராகக் கப்பல் எஞ்சினியர் நெஸ்டர் டிமாயுகாவின் கையில் மைக்கையும், குராமோச்சி எழுதிய உரையையும் கொடுத்தார்கள். மனுஷன் உரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் பேசினார்.

"சார், எங்க தொட்டி காலி. மழைத்தண்ணியைப் பிடிச்சுக் குடிக்கிறோம். ரெண்டு பேருக்கு வயித்துப்போக்கு நிக்கவே இல்ல. கொஞ்சம் குடிதண்ணி அனுப்புங்க சார்."

மேயருக்கு ஆங்கிலம் ஆகாது. புன்னகையோடு குராமோச்சியைப் பார்த்தார். சபையும் பார்த்தது. மங்கல மேடையில் குறை சொல்லி, மேயரின் முகத்தை வாட விடுவதா? அதுவும் ஏப்ரல் நெருங்கும்போது?

"நம்ம ரெண்டு ஊரோட நட்பும் என்னைக்கும் வத்தாத ஊத்துன்னு சொல்றார்" என்று மொழிபெயர்த்தார் குராமோச்சி.

ஒரு நிமிஷம் ஓயாத கைதட்டல். மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெஸ்டருக்கும் கண் கலங்கிவிட்டது. "தேங்க்யூ சார், தேங்க்யூ" என்று சபையின் நாலு பக்கமும் குனிந்தார். வேனில் திரும்பும்போது பன்னிரண்டு பேரும் பாடிக்கொண்டே போனார்கள். முன் இருக்கையில் இருந்த குராமோச்சிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்தார். பாட்டைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார். எத்தனை நாசூக்கான மனிதர்!

மூன்றாம் நாள், விழாப் புகைப்படத்தைச் சட்டம் போட்டு, ஆளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பிரதிகளை நட்புறவுப் பிரிவு அனுப்பி வைத்தது. எடுத்துப் போனவர் குராமோச்சி. கப்பல் மேல்தளத்தில் இருந்த டிரம்களையெல்லாம் கழுவி, மூடியைத் திறந்து, வரிசையாக வைத்திருந்தார்கள். நெஸ்டர் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குராமோச்சியின் காருக்குப் பின்னால் லாரி ஏதும் வருகிறதா என்று வெகுநேரம் பார்த்தார். பிறகு கோபமே இல்லாமல், தெரியாததைத் தெரிந்துகொள்கிற குரலில் கேட்டார்.

"நான் தண்ணி கேட்டப்போ எல்லாரும் கை தட்டினாங்களே சார். உங்க ஊர்ல கை தட்டினா 'இல்லை'ன்னு அர்த்தமா?"