மாஸ்டர்ஸ் அண்ணனின் நிராகரிப்பு வடை

சிங்கப்பூரில் வேலை கிடைத்தால் விருந்து வைப்பார்கள், வீடு கிடைத்தால் விருந்து வைப்பார்கள். பல்கலைக்கழகம் 'உங்களுக்கு இடமில்லை' என்று மின்னஞ்சல் அனுப்பியதற்காக அலுவலகம் முழுக்க வடை வாங்கிக் கொடுத்த மனிதர், இந்தத் தீவைச் சல்லடை போட்டுச் சலித்தாலும், எங்கள் மாஸ்டர்ஸ் அண்ணன் ஒருவர்தான் தேறுவார். அதுவும் ஒரு தடவை இல்லை, நான்கு தடவை.

அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது எங்கள் சரக்கு ஏற்றுமதி அலுவலகம். அங்கே கப்பல் சரக்குகளுக்கான பத்திரங்களைத் தயாரிப்பவர் அவர். வயது ஐம்பத்து மூன்று. நான் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள், ஆனால் அவருக்கு மேலதிகாரி. அதனால் என்னை 'பாஸ்' என்பார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

மாலை வகுப்புக்குப் போய் நாற்பத்தைந்து வயதில் பட்டம் வாங்கியவர், அடுத்து மாஸ்டர்ஸ் படித்தே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆராய்ச்சித் தலைப்பும் தயார். அடுக்குமாடி புளோக்குகளின் அடியில், வெறும் தூண்களோடு எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து கிடக்கும் கீழ்த்தளத்தில் யார் வந்து உட்காருகிறார்கள், எதற்காக உட்காருகிறார்கள்?

"இதுல ஆராய என்னண்ணே இருக்கு? கால் வலிச்சா உட்காருவாங்க" என்றேன்.

"எங்கப்பா பதினோராவது மாடியில இருந்தாரு பாஸ். பன்னெண்டு வருஷம், தினம் சாயங்காலம் கீழ இறங்கி வந்து உட்காருவாரு. யாருக்காக உட்கார்ந்திருக்கீங்கன்னு நான் ஒரு நாள்கூட கேக்கல. அவரும் போயிட்டாரு. மத்தவங்களயாச்சும் கேக்கணும் லா."

அதற்குப் பிறகு அந்தத் தலைப்பை நான் கிண்டல் செய்யவில்லை.

ஆராய்ச்சிக் களம், பாசிர் ரிஸ்ஸில் அவர் குடியிருந்த புளோக். வேலை முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு கீழ்த்தளத்தில் போய் நிற்பார். வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு, பையில் மூன்று பேனா குத்திக்கொண்டு நின்றால், அசல் அபராதம் போட வந்த இன்ஸ்பெக்டர் மாதிரியே இருப்பார். சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த அங்கிள்கள் அதை அணைத்துவிட்டு ஓடினார்கள். தடையை மீறிப் புறாவுக்கு ரொட்டி போடும் ஆன்ட்டிகள் ரொட்டியைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு லிஃப்டுக்கு விரைந்தார்கள். இரண்டே வாரத்தில் அந்த வட்டாரத்திலேயே சுத்தமான கீழ்த்தளம் அதுதான். ஆனால் ஆராய்ச்சிக்கு ஆள் இல்லை.

கடைசியில் யாரோ போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்கள். இரண்டு இளம் போலீஸ்காரர்கள் வந்தார்கள். தன்னைக் கண்டு ஓடாத இருவர் கிடைத்த சந்தோஷத்தில் அண்ணன் அவர்களை உட்கார வைத்து, "சின்ன வயசுல புளோக் கீழ விளையாடியிருக்கீங்களா?" என்று ஆரம்பித்தார். ஒருவர் வந்த வேலையை மறந்துவிட்டு, எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் நடுவே கோல் போட்டார்கள் என்பதை நாற்பது நிமிடம் விவரித்தாராம். அதைத் தூரத்திலிருந்து பார்த்த பிறகுதான் ஆன்ட்டிகள் தைரியமாக வந்து உட்கார்ந்தார்கள்.

ஆராய்ச்சி நன்றாகத்தான் போனது. விண்ணப்பம்தான் சொதப்பியது. முதல் வருடம் இரண்டு பக்கம் கேட்டார்கள், இவர் நூற்று நாற்பது பக்கம் அனுப்பினார். நிராகரிப்பு. மறுநாள் காலை தேக்கா சந்தையிலிருந்து சுடச்சுட வடை வந்தது.

"எதுக்குண்ணே வடை?"

"நம்மள வேணாம்னு சொல்றதுக்கே ஒரு கமிட்டி உட்கார்ந்து பேசியிருக்கு பாஸ். சாதாரண விஷயமா?"

இரண்டாம் வருடம், தன் நோக்கத்தை விளக்கும் கட்டுரைக்குப் பதிலாக வெங்காய லோடுக்கான சரக்குப் பத்திரத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டார். கட்டுரை சரக்கு ஏஜெண்டுக்குப் போயிருந்தது. ஏஜெண்ட் போன் செய்தார். "ப்ரோ, உங்கப்பா கதை படிச்சு அழுதுட்டேன். வெங்காயம் எத்தன மூட்டன்னுதான் தெரியல."

மூன்றாம் வருடம் நேர்காணல் வரைக்கும் போனார். உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வெளியே காத்திருக்கும் பிள்ளைகள் தன்னைவிடக் கெட்டிக்காரர்கள், அவர்களை எடுத்தாலும் தப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"ஏண்ணே இப்படிப் பண்றீங்க?"

"அந்தப் பிள்ளைங்ககிட்ட பேசிப் பாத்தேனே பாஸ், உண்மைதானே?"

அவர் வாயில் பொய் வரவே வராது. அவசரத்துக்குக்கூட வராது.

நான்காம் வருடம் எல்லாமே சரியாக அமைந்தது. இரண்டே பக்கம், சரியான கட்டுரை. தலைப்பு ரொம்பப் பிடித்திருக்கிறது, வழிகாட்டத் தயார் என்று ஒரு பேராசிரியரே எழுதியிருந்தார். பாக்கி இருந்தது இரண்டு பரிந்துரைக் கடிதங்கள்தான். ஒன்று, மாலை வகுப்பில் பாடம் எடுத்த ஆசிரியர் தர வேண்டியது. ஆசிரியர் தன் வீட்டில் உட்கார்ந்து அதை எழுதி முடிக்கும்வரை அண்ணன் அந்த புளோக் கீழேயே இருந்தாராம். "ரெஃபரி எழுதுறத நாம பாக்கக்கூடாது பாஸ். அவசரப்படுத்தவும் கூடாது. அதுதான் முறை."

இரண்டாவது கடிதம் தர வேண்டிய ரெஃபரி நான்.

"கிடைச்சா அரை நாள் வேலைக்கு மாத்திக்கணும். பரவால்லயா பாஸ்?"

"தாராளமாண்ணே."

பரிந்துரையை எழுதி அனுப்பப் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஓர் இணைய இணைப்பு வந்தது. ஆறு கேள்விகள், மூன்று வார அவகாசம். ஒரு நாள் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். அலுவலகத்தில் அப்போது தலைக்கு மேல் வேலை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வது சுலபம். ஆனால் அவர் அரை நாள்தான் வருவார் என்றால் அத்தனை பத்திரங்களையும் யார் பார்ப்பது என்ற எண்ணமும் என் மனதில் ஓடியது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்த மூன்று வாரமும் தினம் காலையில் அண்ணன் என் மேஜையில் கோப்பி வைத்தார். "பாஸ், பிஸியா?" என்பார். "ஆமாண்ணே, பயங்கர பிஸி" என்பேன். "பரவால்ல, பரவால்ல" என்று தன் இடத்துக்குப் போய்விடுவார். கெடு ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. எனக்குத் திங்கட்கிழமைதான் ஞாபகம் வந்தது. இணைப்பைத் திறந்தால், மூடியாகிவிட்டது என்றது. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வாரம் வடை வந்தது.

"கிடைக்கல பாஸ். தலைப்பு அவங்களுக்குப் பிடிக்கல போல."

பேராசிரியருக்குத் தலைப்பு பிடித்திருந்ததே என்று ஒரு கணம் உறுத்தியது. ஆனால் அப்பாடா, என்னால் இல்லை என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. இரண்டு வடை சாப்பிட்டேன். "நஷ்டம் அவங்களுக்குத்தாண்ணே" என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

ஐந்தாவது விண்ணப்பத்துக்கு நேரம் வரவில்லை. அதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். உடலை அவருடைய புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் வைத்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து ஒன்பது பேர் போனோம். அங்கே நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.

"அந்த இன்ஸ்பெக்டர்தானம்மா இது?" என்று கேட்டார் ஒரு புறா ஆன்ட்டி. "என் புருஷனப் பத்தி ரெண்டு மணி நேரம் கேட்டாரு. அதுக்கு முன்னாடி என்னைய யாரும் எதுவும் கேட்டதில்ல."

இந்த வருடம் மேலிடத்தில் என்னைப் பகுதி நேர மாஸ்டர்ஸ் படிக்கச் சொன்னார்கள். விண்ணப்பித்தேன். எனக்கும் இரண்டு ரெஃபரி. விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று பார்க்கப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். முதல் பரிந்துரை வந்துவிட்டது, இரண்டாவது இன்னும் வரவில்லை என்று பளிச்சென்று போட்டிருந்தது. பக்கத்திலேயே, நினைவூட்டல் அனுப்ப ஒரு பட்டன்.

கையில் இருந்த கோப்பி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதே பக்கத்தைத்தான் அவரும் தினம் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கோப்பி வாங்கி வந்திருக்கிறார். எனக்கு ஒரு நினைவூட்டல்கூட வந்ததில்லை. தன்னைத் தடுத்தது யார் என்று தெரிந்துதான் எனக்கும் வடை நீட்டியிருக்கிறார். பொய்யே வராத அந்த மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்யை எனக்காகச் சொல்லியிருக்கிறார். அன்று அலுவலகக் கழிப்பறையில் போய் நின்று அழுதேன்.

போன சனிக்கிழமை பாசிர் ரிஸ் போனேன். அந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் எழுதி மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். அவருடைய புளோக் கீழே கல் மேஜை முன்னால் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்து அதே புறா ஆன்ட்டி வந்து எதிரில் உட்கார்ந்தார். இப்போதெல்லாம் அங்கே யார் தனியாக உட்கார்ந்திருந்தாலும் யாராவது வந்து அண்ணன் மாதிரியே கேட்பார்களாம்.

"யாருக்காகம்மா உட்கார்ந்திருக்க?"

"ஒரு அண்ணனுக்கு லெட்டர் குடுக்கணும் ஆன்ட்டி" என்றேன். "ரொம்ப லேட் பண்ணிட்டேன்."