உலாந்தா நாய்க்கு ஒரு வாத்தியார்

"உக்காரு," என்றான் நாகப்பன்.

நாய் உட்காரவில்லை. அவனைத் தாண்டி மணல்மேட்டுக்குப் போயிற்று. அங்கே காய்ந்துகொண்டிருந்த கருவாட்டில் பெரியதாக ஒன்றைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்து, அவன் காலடியிலேயே படுத்துத் தின்றது.

"நல்லாத்தான் பழக்கியிருக்கே மாமா," என்றாள் அவன் மனைவி தெய்வநாயகி. "திருடினதை உன்னாண்ட கொண்டாந்து காட்டிட்டுத் துன்னுது பாரு."

அது பழவேற்காட்டு டச்சுக் கோட்டையின் தலைவரான உலாந்தாக் கப்பித்தானின் நாய். கன்றுக்குட்டி உயரம். பெயர் லேயு. அவர்கள் பாஷையில் சிங்கம் என்று அர்த்தமாம். கப்பலில் வந்து இறங்கிய சிங்கம் யார் பேச்சையும் கேட்பதில்லை, கப்பித்தான் பேச்சு உட்பட. கோட்டைக்குப்பத்துப் பெண்கள் கருவாட்டுக் கூடையோடு கோட்டை வாசலில் நின்று கூச்சல் போட்டபோது, கப்பித்தான் துபாஷி மூர்த்தியைக் கூப்பிட்டு ஓர் உத்தரவு போட்டார். நாகப்பட்டினத்திலிருந்து பெரிய துரை வரப்போகிறார். அவர் முன்னால் அந்த நாய் சொன்னபடி உட்கார வேண்டும், படுக்க வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும். அப்படிப் பழக்குகிறவனுக்குக் கோட்டையில் நிரந்தர உத்தியோகம். பழக்க முடியாவிட்டால் நாய்க்குத் துப்பாக்கி, பழக்கியவனுக்குச் சவுக்கு.

"நான் பழக்குறேன்" என்று முன்னால் வந்து நின்றவன் நாகப்பன் ஒருவன்தான். அவனுக்கு வேறு வழியில்லை. பிறந்தது கோட்டைக்குப்பம், கட்டியது படகுக்காரன் மகளை. ஆனால் முகத்துவாரம் தாண்டினால் அவனுக்குக் குமட்டும். போன வாரம் மச்சான்மார் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது, வந்த மீன் மேலேயே வாந்தி எடுத்துவிட்டான். அதோடு அவனைக் கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

"நாயைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று தெய்வநாயகி அன்றைக்கே கேட்டாள்.

"கத்துக்கிட்டாப் போச்சு. நாய் இன்னா கடலா, ஆடறதுக்கு?"

ஆட்டியது நாய்தான். நாயின் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிப் பிடித்தான். ஏரிச் சேற்றில் அவனைக் குப்புற இழுத்துக்கொண்டு போயிற்று. கயிற்றை மரத்தில் கட்டினான். கயிற்றைக் கடித்துவிட்டு, கட்டிய முடிச்சை மட்டும் அவனுக்கு மிச்சம் வைத்தது. தமிழில் கெஞ்சினான். அது கொட்டாவி விட்டது.

"அது உலாந்தா நாய் மாமா. உன் தமிழு அதுக்கு எப்படிப் புரியும்?" என்றாள் தெய்வநாயகி.

அது நியாயமாகப் பட்டது. கோட்டைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் ஆபிரகாமிடம் போனான். கப்பித்தான் வீட்டுக்குள்ளேயே வளைய வருகிறவன் அவன்தான்.

"அவங்க பாஷையில எனக்கு மூணு வார்த்தை வோணும் அண்ணே. வா, உக்காரு, படு."

ஆபிரகாம் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "கப்பித்தான் 'ஏஸல்'னு கத்துவாரு, நான் ஓடிப் போயி நிப்பேன். அப்போ 'வா'ன்னா ஏஸல். அலுப்பா இருக்குதேன்னு நான் உக்காந்தா, 'லௌயார்ட்'னு சொல்லுவாரு. அதான் உக்காரு. மத்தியானம் துன்னுட்டுப் படுத்துக் கெடந்தேன்னா 'வார்க்கன்'னு சொல்லிட்டுப் போவாரு. அது படு."

நாகப்பன் மூன்றையும் மனப்பாடம் செய்தான். கரையில் நின்று கத்தினான். பூநாரைக் கூட்டம் மொத்தமும் எழும்பிப் பறந்தது. நாய் மட்டும் திரும்பவில்லை. கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டிப்போய், கடைசியில் காற்று மட்டும்தான் வந்தது.

"வெறுங்கையோட கத்தினா எவன் கேப்பான்? கையில எதுனா வெச்சுக்கினு சொல்லு," என்றாள் தெய்வநாயகி.

காய்ந்த இறாலைக் கைக்குள் மூடிக்கொண்டு, கையை மேலே தூக்கி, கட்டிய தொண்டையால் "லௌயார்ட்" என்றான். நாய் கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தது! கையைத் தரைக்கு இறக்கி "வார்க்கன்" என்றான். படுத்தது. கையைத் தன் நெஞ்சுப் பக்கம் இழுத்து "ஏஸல்" என்றான். வந்து அவன் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டு நின்றது.

"என் தொண்டை போயிருந்தாக்கூடப் புரிஞ்சுக்குது தெய்வநாயகி! இன்னா ஒரு அறிவு!"

இறால் குறையக் குறைய, நாயின் படிப்பு ஏறியது. கொஞ்ச நாளில் இறாலே வேண்டியிருக்கவில்லை. குப்பத்தில் அவனை "நாய் வாத்தியார்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கருவாட்டுக்காரிகள் வழிவிட்டு நின்றார்கள். லேயு அவன் குடிசை வாசலை விட்டுக் கோட்டைக்குப் போக மறுத்தது. அதன் காதை நீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இத்தனை நாள் கடலில் எதற்கு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

பெரிய துரை வருவதற்கு முதல் நாள் துபாஷி மூர்த்தி பாடத்தைப் பார்க்க வந்தார். நாகப்பன் பெருமையோடு மூன்று வார்த்தையையும் சொல்லிக் காட்டினான். நாய் மூன்றையும் செய்தது. மூர்த்திக்கு வியர்த்தது.

"டேய், யார்டா இதைச் சொல்லிக் குடுத்தது?"

"ஏன் சாமி, உச்சரிப்பு சரியில்லையா?"

"உச்சரிப்புக்கு ஒண்ணும் கொறைச்சலில்லே! ஏஸல்னா கழுதை. லௌயார்ட்னா சோம்பேறி. வார்க்கன்னா பன்னி! பெரிய துரை எதிர்லே நின்னு பன்னின்னு கத்தப் போறியா? உன்னோட சேத்து எனக்கும் சவுக்குடா!"

உடனே உட்கார்ந்து சரியான வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தார். வாவுக்கு "கோம்." உட்காருக்கு "ஸித்." படுவுக்கு "லிக்." அதோடு நிற்கும் மரியாதையையும் சொல்லிக் கொடுத்தார். "காட்டான் மாதிரி கையை ஆட்டாதே. துரை எதிர்லே கையைக் கட்டிக்கிட்டு நில்லு."

நாகப்பன் கையைக் கட்டிக்கொண்டு "ஸித்" என்றான். நாய் அவனைப் பார்த்தது. "லிக்" என்றான். ஈயைப் பார்த்தது. பொழுது சாயும்வரை சொல்லிப் பார்த்தான். நாய் மசியவில்லை.

"போச்சு," என்றான் தெய்வநாயகியிடம். "அதுக்குக் கெட்ட வார்த்தை மட்டும்தான் ஏறியிருக்குது."

மறுநாள் கோட்டை முற்றத்தில் சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் பெரிய துரை. தலையில் சுருட்டை மயிர்த் தொப்பி, காலில் பளபளக்கும் பூட்ஸ். பக்கத்தில் கப்பித்தான், தோளில் துப்பாக்கி.

நாகப்பன் கையைக் கட்டிக்கொண்டு, "கோம்," என்றான்.

லேயு நேராகப் பெரிய துரையிடம் போயிற்று. பூட்ஸை மோந்து பார்த்தது. பின்னங்காலைத் தூக்கியது. பளபளப்பு ஒரு பக்கம் போய்விட்டது.

கப்பித்தான் துப்பாக்கியை இறக்கி நாயைக் குறி பார்த்தார். நாய் அந்தக் குழாயையும் ஆர்வமாக மோந்து பார்க்கப் போனது.

சவுக்கு விழுந்தால் முதுகு ஆறிவிடும், நாய் செத்தால் திரும்பி வராது என்று நாகப்பன் நினைத்தான். கட்டியிருந்த கையை அவிழ்த்தான். ஓரடி முன்னால் வந்து நாயின் கண்ணில் படும்படி நின்றான்.

பழகியபடியே கையை ஆட்டி, "ஏஸல்!" என்று முற்றம் அதிரக் கத்தினான். நாய் துள்ளி ஓடி வந்தது.

"லௌயார்ட்!" உட்கார்ந்தது.

"வார்க்கன்!" படுத்தது. சிப்பாய்களில் ஒருவன் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான். மூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

பெரிய துரை மெல்ல நடந்து வந்து ஏதோ கேட்டார். மூர்த்தி மொழிபெயர்த்தார். "இந்த வார்த்தையெல்லாம் எங்கே கத்துக்கிட்டேன்னு கேக்கறார்."

சமையலறை ஜன்னலில் ஆபிரகாமின் தலை சட்டென்று கீழே போனது. அவனைக் காட்டிக் கொடுக்க நாகப்பனுக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லவும் தைரியமில்லை.

"எல்லாம் நம்ம கப்பித்தான் ஐயா வாயிலருந்து வந்ததுதாங்க."

மூர்த்தி மொழிபெயர்த்தார். பெரிய துரை கப்பித்தானைப் பார்த்தார். கப்பித்தான் முகம் வெந்த நண்டு போலச் சிவந்தது. பெரிய துரை சிரிக்கத் தொடங்கினார். மயிர்த் தொப்பி காதோரம் சரிகிறவரை சிரித்தார். சிப்பாய்களும் சிரித்தார்கள்.

"கப்பித்தானைவிட உன் உச்சரிப்பு சுத்தமாம்," என்றார் மூர்த்தி, நம்ப முடியாமல். "கோட்டை நாய் அத்தனைக்கும் இனிமே நீதான் வாத்தியார். நாகப்பட்டினத்துலேர்ந்து இன்னும் நாய்களை அனுப்பி வைக்கிறாராம். லேயு உன்கிட்டயே இருக்கட்டும்னுட்டார்."

கோட்டை வாசலில் குப்பமே நின்றது. கருவாட்டுக்காரிகள் குலவையிட்டார்கள். படகிலிருந்து இறக்கிவிட்ட மச்சான்மாரே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தெய்வநாயகி லேயுவின் கழுத்தில் கதம்பத்தைப் போட்டாள். அது பாதியைத் தின்றது.

அப்போது, கொத்தளத்தில் பீரங்கி துடைக்கிற முனியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நாகப்பன் காதோடு சொன்னான்:

"எல்லாஞ் சரிண்ணே, அம்மாம் பெரிய துரை எதிர்ல எதுக்கு அந்தக் கெட்ட வார்த்தையெல்லாம் கத்தினே? நான் பீரங்கி வெடிச்சப்ப லேயு பக்கத்துல படுத்திருந்துச்சே, அன்னியிலருந்து அதுக்கு ரெண்டு காதும் கேக்காதே!"