ஒரு விரல் உயரம்

"எவன்லே என் ஆனைய குட்டையாக்குனது?"

பெருங்கடவிளையில் ரப்பர் ஷீட் கடை வைத்திருக்கும் சதாசிவன் போனைப் பார்த்துக் கத்தினான். ஆனைப் பிரியர்கள் கூடி இணையத்தில் நடத்தும் 'ஆனைக் களஞ்சியம்' தளத்தில், அதியன்னூர் சேகரன் என்ற ஆனையின் பக்கம் முழுக்க அவன் எழுதியது. சேகரன் ஒன்றும் அவனுக்குச் சொந்தமில்லை. அதியன்னூர்த் திருவிழாவில் கண்டு மயங்கியதோடு சரி. நேற்று அவன் சேகரனின் உயரத்தில் ஒரு விரல் கூட்டியிருந்தான். அதை யாரோ பழையபடி ஆக்கியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ, அவன் மனைவி ஷீஜாவின் அண்ணன் ஜெயன்தான். பூவாரில் படகு ஓட்டுகிறவன், பூவார் ரகுராமனின் பக்கத்தை எழுதுகிறவன். உயரப் பட்டியலில் ரகுராமன் ஒரு விரல் மேலே நின்றான். முதலில் நிற்கிற ஆனையின் படம்தான் களஞ்சியத்தின் முகப்பில் வரும். அதை நினைத்தாலே சதாசிவனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் பூவார்த் திருவிழாப் பக்கமே அவன் எட்டிப் பார்த்ததில்லை. ஜெயனும் அதியன்னூருக்கு வந்ததில்லை.

உரையாடல் பக்கத்தில் ஜெயன் கேட்டிருந்தான்: "ஆதாரம் எங்கே?"

ஆதாரமில்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது என்பது களஞ்சியத்தின் முதல் விதி. சதாசிவன் சளைக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு அச்சகத்துக்குப் போய், சேகரனின் புது உயரத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்து, அதைப் படம் பிடித்து ஏற்றினான். ஜெயன் அதே அச்சகத்தில் கலர் நோட்டீஸ் அடித்தான். ரகுராமன் மேலும் இரண்டு விரல் வளர்ந்துவிட்டான்.

"ஒரு நாளுல ஆனை ரெண்டு விரல் வளருமா ஷீஜா?"

"உங்க ஆனை வளரலியா?" என்றாள் அவள்.

கட்டினவளே இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? சதாசிவன் ரகுராமனின் பக்கத்திலேயே கை வைத்தான். 'இடது காது கிழிந்தது, லட்சணம் போதாது' என்று எழுதினான். சேகரனுக்கும் இடது காதில் ஒரு கிழிசல் உண்டு. அது ஒரு தனி அழகு என்று ஏற்கெனவே அவனே எழுதி வைத்திருந்தான்.

ஜெயன் விடுவானா? 'வெடிச் சத்தம் கேட்டால் சேகரனுக்கு மூத்திரம் போகும்' என்று சேர்த்தான்.

பக்கங்களை எழுதித் தொகுப்பவர்கள் ஒருவரையொருவர் மரியாதையாக அழைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அதனால் சதாசிவன், "மதிப்புக்குரிய நண்பர் ஜெயன் அவர்களே, உமது ஆனை ஒரு எருமை" என்று எழுதி, விதிப்படி கையெழுத்தும் போட்டான்.

தளத்தின் நிர்வாகி நந்தனா இரண்டு பக்கத்தையும் பூட்டினாள். "ஞாயிற்றுக்கிழமை அதியன்னூர் மைதானத்தில் இரண்டு ஆனைகளையும் நானே அளக்கிறேன். தோற்றவர் இனிமேல் இங்கே ஒரு எழுத்தும் எழுதக் கூடாது."

சேகரனைப் பற்றி எழுதாத நாளைச் சதாசிவனால் நினைத்தே பார்க்க முடியவில்லை. சேகரனின் பாகன் வேலாயுதனுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, ஞாயிற்றுக்கிழமை சேகரன மைதானத்துக்குக் கொண்டு வரணும்."

"வாறேன் மக்கா. அன்னைக்கு அங்க எனக்கு இன்னொரு சோலியும் உண்டு. ஒரே நடையில முடியும்."

ஞாயிற்றுக்கிழமை அதியன்னூரில் பாதிப் பேர் மைதானத்தில் நின்றார்கள். ஜெயன் பூவாரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தான். மச்சான்மார் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நந்தனா அளவுகோலோடு காத்திருந்தாள்.

லாரி வந்தது. ஆனை இறங்கியது.

"சேகரா!" என்று சதாசிவன் ஓடினான்.

"ரகுராமா!" என்று ஜெயன் ஓடினான்.

இருவரும் தும்பிக்கையின் கீழே முட்டிக்கொண்டார்கள்.

"எலே, என் ஆனைய விடுலே!"

"மச்சான், கண்ணு தெரியலியா? இது எங்க ரகுராமன் ஆக்கும்!"

எல்லாரும் சாலையைப் பார்த்தார்கள். இரண்டாவது லாரி வருகிற வழியாக இல்லை. வேலாயுதன் தோள்பையைத் திறந்து, ஆனையின் கழுத்தில் மாட்டும் பெயர்ப்பலகைகள் இரண்டை வெளியே எடுத்தான். ஒன்றில் 'அதியன்னூர் சேகரன்', மற்றொன்றில் 'பூவார் ரகுராமன்'.

"ரெண்டு பேரும் அடிச்சிக்காம, முதல்ல ஆரை அளக்கணும்ணு சொல்லுங்க மக்கா. அந்த போர்டைக் கெட்டுதேன்."