உடலியங்கியலில் ஒரு ‘பி’

மினசோட்டாவில் எங்கள் கல்லூரியின் மருத்துவ முன்படிப்பு ஆலோசனை அலுவலகத்துக்கு ஒரே நோக்கம்தான்: டாக்டராக விரும்புகிறவர்களை ஆபத்தான பாடங்களிலிருந்து காப்பது. நான் அங்கே எழுத்தர்.

ஒரு செப்டம்பரில் மேரன் லிண்ட்குவிஸ்ட் என்ற மாணவி வந்தாள். பால்பண்ணைக்காரரான அவள் அப்பா மாட்டுக்கொட்டகையில் மயங்கி விழுந்து, இதயத்தில் கருவி பொருத்திப் பிழைத்தவர். இதயம் ஏன் திடீரென்று தாளம் தப்புகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். உடலியங்கியலை விருப்பப்பாடமாகக் கேட்டாள்.

ஆலோசகர் ப்ரூயிட் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அது கட்டாயமா?”

“இல்ல சார், விருப்பம்தான்.”

“கட்டாயமில்லாதத எதுக்கும்மா விரும்புற? போன வருஷம் அதுல பாதிப் பேருக்கு ஏ இல்ல, பி. மருத்துவக் கல்லூரில முதல்ல பாக்குறதே மார்க்குச் சராசரிதான். பேசாம விளையாட்டுப் பாடத்துல பௌலிங் எடு. பந்த உருட்டிக் கட்டையச் சாய்ச்சா ஏ.”

“நோயாளிக்கு இதயம் நின்னா பந்த உருட்டவா சார்?”

“நோயாளி வர இன்னும் எட்டு வருஷம் இருக்கு. மார்க்கு டிசம்பர்லயே வந்துடும்.”

மேரன் குழம்பிப்போய் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“என்னைக் காப்பாத்துன டாக்டர் பௌலிங்ல எப்படின்னு நான் கேக்கலையேடி,” என்றார் அவர்.

பாடத்தை எடுத்தாள். ராப்பகலாகப் படித்தாள். பி வாங்கினாள். ‘எச்சரித்தும் கற்றவர்’ என்று அவள் கோப்பில் தட்டச்சு செய்தவன் நான்தான்.

ஜனவரியில் மருத்துவக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது: கடினமான அறிவியல் படித்தவர்களுக்கே இனி முன்னுரிமை. எங்கள் அலுவலகத்தில் அவசரக் கூட்டம் கூடியது. டாக்டராக விரும்பும் எல்லோரும் உடலியங்கியல் எடுக்கத் தீர்மானம்; சராசரிக்குப் பங்கம் வராமலிருக்க, இதயம், நரம்பு, சிறுநீரகம் மூன்றையும் பாடத்திலிருந்து நீக்கவும் தீர்மானம். பாடத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. அந்தப் பருவத்தில் எடுத்த நூற்றுப் பதினொரு பேருக்கும் ஏ.

அடுத்த ஆண்டு மருத்துவக் கல்லூரியில் நடந்த மேரனின் நேர்காணலில் குழுத் தலைவர், அவரே இதய மருத்துவர், கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: “உங்க கல்லூரில அத்தனை பேரும் இதுல ஏ வாங்கியிருக்காங்க. உங்களுக்கு மட்டும் ஏன் பி?”

“நான் படிச்சப்ப அதுல இதயம் இருந்துச்சு சார்.”

குழு வாய்விட்டுச் சிரித்தது. சிரித்து முடித்து, அவளைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டது. ஆகஸ்டில் யாரோ விலகியதால்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. ஏ வாங்கியவர்களில் நாற்பது பேருக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

இப்போது என் மகளும் டாக்டராக வேண்டும் என்கிறாள். இதயம் இல்லாத பாடத்தில்தான் சேர்த்திருக்கிறேன். என்னை ஏன் முறைக்கிறீர்கள்? உங்கள் பிள்ளையை வேறெதில் சேர்ப்பீர்கள்?